தாய்வான் அட்டையை எடுத்தவள்

உலகத்தில் எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் இடையில் பகை என்று மகாதேவியிடம் கேட்டால், மேசை போடும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவாள். பேர்லின் நடுவில் இருக்கும் ஒரு பெரிய ஹோட்டலில், மாநாட்டு மண்டபத்தை ஒழுங்கு செய்வது பதினேழு வருடமாக அவளுடைய வேலை. யாரை யாருக்கு எதிரே உட்கார வைக்கக் கூடாது, யாருக்கும் யாருக்கும் நடுவில் பூச்சாடி வைக்க வேண்டும், எந்தக் கொடி எந்தக் கொடியைவிட ஒரு விரல்கூட உயர்ந்து நிற்கக் கூடாது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பத்திரிகை வாசித்து அறிந்ததல்ல. பிழை விட்டுப் பேச்சு வாங்கி அறிந்தது.

வயது ஐம்பத்தெட்டு. தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவள் கொழும்பு, மொஸ்கோ என்று அலைந்து இங்கே வந்து சேர்ந்தாள். புருஷன் விஜயரத்தினம் நொய்கெல்ன் பகுதியில் ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் நிற்கிறார். மகாதேவிக்குச் சம்பளம் கொடுப்பது ஹோட்டல் அல்ல. ஹோட்டல்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு கொம்பனி. ஹோட்டல்காரன் ஒரு ஃபோன் போட்டு "இந்த ஆள் வேண்டாம்" என்றால் கதை முடிந்தது. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த மண்டபத்துக்குள் அவள் வைத்ததுதான் சட்டம். சீனர் வருகிற நாளில் கோப்பிக்கு முன்னால் வெந்நீர் ஃபிளாஸ்க் தயாராக இருக்க வேண்டும் என்று முகாமையாளருக்கே சொல்லிக் கொடுத்தவள் அவள். அங்கே எல்லாருக்கும் அவள் ஃபிரௌ மஹா, மஹா அம்மணி.

ஒரே பிள்ளை, சுபானி. இருபத்தொன்பது வயது. அரசியல் படித்து, வெளிநாட்டு விவகாரங்களை ஆராயும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். அந்த நிறுவனம் வருடத்தில் இரண்டு மூன்று தடவை மாநாடு வைப்பது, பாருங்கள், இதே ஹோட்டலில். முதல் மாநாட்டுக்கு முதல் நாள் சுபானி வீட்டுக்கு வந்தாள். சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, நாளைக்கு அங்கை என்னைக் கண்டா, தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளாதேங்கோ."

"ஏனடி?"

"வேலை இடம் அம்மா. சொந்தக்காரரை உள்ளுக்கை விட்டு வைச்சிருக்கிறாள் எண்டு கதை வரும்."

மகாதேவிக்குச் சிரிப்பு வந்தது. யார் யாரை உள்ளே விட்டது? தான் அந்த மண்டபத்துக்கு வேலைக்கு வந்தபோது இவள் பள்ளிக்கூடப் பையோடு திரிந்தவள். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சரி என்றாள். பேப்பர்களும் அதற்கு வசதியாகத்தான் இருந்தன. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயர்தானே பின்னால் வரும். தாய் மகாதேவி செல்வராசா, மகள் சுபானி விஜயரத்தினம். எந்த ஜெர்மன்காரன் முட்டி மோதினாலும் இரண்டையும் முடிச்சுப் போட மாட்டான்.

நாலு வருடம் அப்படியே போனது. மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிலும் இங்கிலீஷிலும் வெளுத்து வாங்கும்போது, தாய் சுவரோரம் தண்ணீர்ப் போத்தலோடு நிற்பாள். கோப்பி ஊற்றினால் மகள் நிமிர்ந்து பாராமல் "டாங்க" என்று ஜெர்மனில் ஒரு நன்றி சொல்வாள். கோபம் வரும். ஆனால் பெருமை அதைவிடக் கூட வரும், அதுதான் வெட்கக்கேடு. நல்ல கதிரையாகப் பார்த்து மகளுக்குப் போடுவாள்.

ஐந்தாம் வருடம் மே மாதம் நடந்த மாநாடு கடலைப் பற்றியது. சீனாவுக்குத் தெற்கே இருக்கிற கடல். அந்தக் கடலுக்குள் கோடு கிழித்து அநேகமாக முழுவதும் தன்னுடையது என்கிறது சீனா. இல்லை என்கிறான் வியட்நாம்காரன், இல்லவே இல்லை என்கிறான் பிலிப்பைன்ஸ்காரன், அமெரிக்கன் போர்க்கப்பலைக் கொண்டுவந்து நடுவால் விட்டுப் பார்க்கிறான். இதற்குள் தாய்வான் வேறு. அதை நாடு என்று சொன்னாலே சீனாவுக்கு அடிமடியில் கை வைத்த மாதிரி, அது தன்னுடைய மாகாணம் என்கிறது. ஜெர்மனியும் தாய்வானை நாடென்று ஏற்றுக்கொண்டதில்லை, ஆனால் அங்கே செய்கிற மின்னணுச் சிப்பு இல்லாவிட்டால் இங்கே ஒரு கார் ஓடாது. இத்தனை பேரையும் ஒரே மேசையில் இருத்தப் போகிறோம் என்று நிறுவனத்துக்கு வாயெல்லாம் பல்லு. அடுத்த மாதம் ஒரு மந்திரி பெய்ஜிங் போக இருந்தார். அதற்கு முன்னால் எல்லாம் சுமுகமாக முடிய வேண்டும் என்று மேலிடத்தில் எதிர்பார்த்தார்கள்.

பெயர் அட்டைகளை அச்சடித்தது சுபானி. பெயருக்குக் கீழே நாட்டின் பெயர் வேண்டாம், பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடுங்கள் என்று நிறுவனத்தின் இயக்குநர் இரண்டு கிழமைக்கு முதலே எழுதியிருந்தார். ஆயிரம் மின்னஞ்சலுக்குள் அதை அவள் கவனிக்கவில்லை. எல்லாருக்கும் நாட்டைப் போட்டாள். மூன்றாவது கதிரையில் வருபவர் தாய்பேயிலிருந்து வருகிற ஒரு பேராசிரியை. அவர் பெயருக்குக் கீழே கறுப்பு எழுத்தில் தாய்வான் என்று விழுந்துவிட்டது. மகள் அடித்தது பிழைக்காது என்று மகாதேவி அதை மற்ற அட்டைகளோடு நேர்ப்படுத்தி வைத்தாள்.

காலை எட்டே முக்காலுக்குச் சீனத் தூதரகத்து ஆட்கள் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு செயலாளர். நல்ல ஜெர்மன், நல்ல சிரிப்பு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். மூன்றாவது கதிரையில் ஒரு கணம் நின்றார். பிறகு மகாதேவியைப் பார்த்து, "அழகான மண்டபம்" என்றார். வாசலில் நின்ற இயக்குநரிடம், "மண்டபம் இன்னும் ஒழுங்காகவில்லை போலிருக்கிறது. அவசரமில்லை, நாங்கள் கீழே இருக்கிறோம்" என்றார். அவ்வளவுதான். ஒன்பது பேரும் கீழே வரவேற்பு மண்டபத்தில் போய் உட்கார்ந்து வெந்நீர் கேட்டார்கள்.

குரல் உயர்த்தவில்லை, மிரட்டவில்லை, அட்டை என்ற சொல்லே வாயில் வரவில்லை. கேட்காமலே வாங்குகிற வித்தை அது. மேலே இருந்தவர்களுக்கு வியர்த்தது. மந்திரி அலுவலகத்து ஆள் இயக்குநரிடம், மண்டபம் ஒழுங்காக வேண்டும் என்றார். இயக்குநர் துணை இயக்குநரிடம், மண்டபத்தை ஒழுங்காக்குவது யார் பொறுப்பு என்றார். துணை இயக்குநர் சுபானியைப் பார்த்து, மண்டபம் ஒழுங்கில்லையாமே என்றார். எடு என்று ஒருவராவது சொன்னால் வாய் வெந்தா போகும்? சொல்ல மாட்டார்கள். சொன்னவன் தலையில் நாளைக்கு அது விடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

சுபானி மண்டபத்துக்குள் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மகாதேவி கிளாஸ் துடைத்துக்கொண்டு நின்ற இடத்துக்கு நேரே வந்தாள்.

"அம்மா."

நாலு வருடத்தில் அந்த மண்டபத்துக்குள் அவள் அம்மா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக மகாதேவி அட்டையை என்ன, மேசையையே தூக்கியிருப்பாள்.

"அந்த மூண்டாவது கதிரை அட்டையை எடுத்துவிடுங்கோ. கெதியா."

"வேறை அட்டை தாறியோ பிள்ளை?"

"அடிக்க நேரமில்லை. சும்மா எடுங்கோ. நான் தொட ஏலாது, எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். நீங்கள் துடைக்கிற மாதிரி எடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது."

அன்று காலை அந்த ஹோட்டலில் தெளிவாகச் சொல்லப்பட்ட கட்டளை அது ஒன்றுதான். அதுவும் தமிழில். சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை.

மகாதேவி துணியோடு போனாள். மேசையைத் துடைத்தாள். கண்ணாடித் தாங்கிக்குள் இருந்த அட்டையை உருவினாள். பக்கத்திலேயே குப்பைவாளி இருந்தது. உள்ளே கோப்பித் தூளும் எலுமிச்சம் தோலும். வேறு யாராக இருந்தாலும் அதற்குள் போட்டிருப்பார்கள், விஷயம் அத்தோடு செத்திருக்கும். மகாதேவியால் முடியவில்லை. எழுத்து இருக்கிற கடதாசி காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றி வளர்ந்தவள். அதிலும் அது உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியின் பெயர். அதைக் கொண்டுபோய் எச்சில் குப்பையில் போடுவதா? ஏப்ரன் பைக்குள் வைத்தாள். பிறகு மாற்றுடை அறைக்குப் போனபோது, மடியாமல் கசங்காமல் தன் லொக்கரின் மேல் தட்டில் வைத்தாள்.

சீனர்கள் மேலே வந்தார்கள். மண்டபம் ஒழுங்காகத்தான் இருந்தது. பேராசிரியை வந்தார். ஒல்லியான, நரைத்த, மெல்லிய பேச்சுள்ள மனுஷி. எல்லாருக்கும் பெயர் இருக்க, தன் இடத்தில் வெறும் தாங்கி நிற்பதைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டு விவரம் அச்சடித்த தாளைத் திருப்பி, பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினார், கீழே நாட்டையும் எழுதினார், தாங்கியில் செருகிவிட்டு உட்கார்ந்தார். எதிரே இருந்த அமெரிக்கன் அதைத் தன் ஃபோனில் படம் பிடித்தான். சீனச் செயலாளர் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வெளியே போனார். பின்னால் எட்டுப் பேரும் போனார்கள்.

பின்னேரம் ஆவதற்குள் அந்தப் படம் உலகமெல்லாம் சுற்றியது. சீனாவுக்குப் பயந்து பெயரை அழித்தார்கள் என்றான் அமெரிக்கன். அழைத்து அவமதித்தார்கள் என்றது தூதரகம். பத்திரிகைக்காரர் நிறுவனத்தின் வாசலில் நின்றார்கள். ஏதாவது சொல்லிப் பூசி மெழுக வேண்டும். ஆறு மணிக்கு அறிக்கை வந்தது. "ஹோட்டல் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் பெயர் அட்டை ஒன்று தவறுதலாக அகற்றப்பட்டது. நிறுவனம் வருந்துகிறது." விஜயரத்தினம் அதை ஃபோனில் வாசித்துக் காட்டினார். எழுதியது யாரென்று கீழே இருந்தது. தொடர்புக்கு: சுபானி விஜயரத்தினம்.

அவர் வாசித்து முடிக்க முன்னம் சுபானியே ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, ஆரும் கேட்டா நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ. செப்டெம்பரோடை என்ரை வேலைக் கொன்றாக்ட் முடியுது. பிழையா அடிச்சதும் நான், எடுக்கச் சொன்னதும் நான் எண்டு தெரிஞ்சா புதுப்பிக்க மாட்டினம்."

"அப்ப என்ரை வேலை?"

"உங்களை ஒண்டும் செய்ய மாட்டினம். நான் பாத்துக்கொள்ளுறன்."

பாத்துக்கொள்ளுறன் என்றாளே, அதைத்தான் மகாதேவி பிடித்துக்கொண்டாள். பிள்ளை படித்த பிள்ளை, பேசத் தெரிந்த பிள்ளை, நாலு பேர் முன்னால் எழும்பி நின்று, இவ மேல் பிழையில்லை, எங்கள் பக்கத்தில்தான் குழப்பம் என்று பொதுவாக ஒரு சொல் சொன்னால் போதும். யார் பெயரும் தேவையில்லை. அந்த ஒரு சொல்லில்தான் அவளுடைய பதினேழு வருடமும் நின்றது. ஐம்பத்தெட்டு வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை தரப் போகிறார்கள்?

இரண்டு நாள் கழித்து முகாமையாளர் அறையில் விசாரணை. முகாமையாளர் இருந்தார், ஆள் பிடிக்கும் கொம்பனியின் ஆள் இருந்தான், நிறுவனத்திலிருந்து துணை இயக்குநரும் சுபானியும் வந்திருந்தார்கள். சுபானி மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "குட்டன் டாக், ஃபிரௌ மஹா" என்றாள்.

அட்டைக்கு என்ன நடந்தது, குப்பையில் போய்விட்டதா என்று முகாமையாளர் கேட்டார். நல்ல மனுஷன்தான். ஓம் என்று சொல்லியிருந்தால் துடைக்கும்போது தவறுப்பட்டது என்று எழுதி, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடித்திருப்பார். கதவைத் திறந்து கொடுத்தமாதிரித்தான் கேட்டார். மகாதேவிக்கு அது விளங்கவில்லை. குப்பையில் போட்டாயா என்று தன்னைக் குறை சொல்கிறார் என்று நினைத்து ரோசம் வந்துவிட்டது.

"இல்லை, இல்லை! பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொல்லிவிட்டு ஓடிப்போய் லொக்கரிலிருந்து எடுத்து வந்தாள். ஒரு மூலைகூட மடியாத அட்டையை மேசையில் வைத்தாள்.

கொம்பனி ஆள் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தவறுதலாக எடுக்கிறவள் ஏன் ஒளித்து வைக்கிறாள்? யாருக்குக் காட்ட வைத்தாள்? உன்னோடு யாராவது தொடர்பு கொண்டார்களா என்று கேட்டான். தூதரகம் ஏதாவது? பத்திரிகை? அமெரிக்கர்? உங்கள் நாட்டுத் துறைமுகத்தில் சீனர் இருக்கிறார்கள்தானே என்றும் கேட்டான். அடப் பாவி! முழங்கால் வலிக்கு மருந்து போட்டுக்கொண்டு காலை நாலரை மணி பஸ் பிடிக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? பெயரைக் குப்பையில் போடக் கூடாது என்று சொல்லிப் பார்த்தாள். அவளுடைய ஜெர்மனில் அது கேட்கவே கள்ளத்தனமாக இருந்தது.

முகாமையாளர் குனிந்து மெல்லக் கேட்டார். "ஃபிரௌ மஹா, எடுக்கச் சொன்னது யார்?"

மகாதேவி மகளைப் பார்த்தாள். சுபானி திரையைப் பார்த்தாள்.

முகாமையாளர் அந்தப் பக்கம் திரும்பினார். "உங்கள் பக்கத்திலிருந்து யாராவது அறிவுறுத்தல் கொடுத்தீர்களா?"

இதோ சொல்லப் போகிறாள் என்று மகாதேவி நினைத்தாள். சுபானி நிமிர்ந்தாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "எங்கள் பக்கத்திலிருந்து எழுத்தில் எந்த அறிவுறுத்தலும் போகவில்லை" என்றாள்.

பொய் இல்லை, பாருங்கள். எழுத்தில் போகவில்லைத்தான். அந்தச் சீனச் செயலாளர் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார். மகாதேவிக்கு ஒரு கணம் வாய்வரை வந்தது. இவள் என்ரை பிள்ளை, நான் பெத்த பிள்ளை, இவள்தான் சொன்னவள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நாலு வருடம் யாரோ எவரோ என்று நடித்துவிட்டு இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினால் பிள்ளையின் வேலை போகும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன்" என்றாள்.

சுபானி அதைத் தட்டச்சு செய்துகொண்டாள்.

மாத முடிவோடு மகாதேவியின் வேலை போனது. மந்திரி பெய்ஜிங் போய்க் கை குலுக்கினார். அமெரிக்கனுக்குக் காட்டித் திரிய ஒரு படம் கிடைத்தது. தூதரகத்துக்கு மன்னிப்புக் கடிதம் கிடைத்தது, அடுத்த மாநாட்டில் நாட்டுப் பெயரே இருக்காது என்ற உறுதியும் கிடைத்தது. நிறுவனத்துக்குப் பத்திரிகையில் பெயர் கிடைத்தது. அந்தக் கடலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இடம் மாறவில்லை. ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் டொறத்தி அக்கா ஒரு நாள் ஃபோன் எடுத்து இன்னொரு விஷயம் சொன்னார். தாய்பேயிலிருந்து பேராசிரியை ஹோட்டலுக்கு எழுதியிருந்தாராம். தனக்குத் தேநீர் ஊற்றிய அந்த அம்மாவைத் தண்டிக்க வேண்டாம், அவர் மேல் பிழையிருக்காது என்று. ஊழியர் விவரங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஹோட்டல் பதில் போட்டதாம். முன்பின் தெரியாத மனுஷிக்குத் தோன்றியது என்ரை வயிற்றில் பிறந்ததுக்குத் தோன்றவில்லையே என்று மகாதேவி ஃபோனைப் பிடித்தபடியே அழுதாள்.

விஜயரத்தினத்துக்கு உள்கதை அன்றைக்குத்தான் தெரிய வந்தது.

"நீர் ஏனப்பா பேசாமல் இருந்தனீர்?" என்று குதித்தார். "நான் போய்ச் சொல்லுறன்."

"போகாதேங்கோ. அவளாச் சொல்லேல்லை. நீங்கள் சொல்லி என்னத்துக்கு?"

ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுபானி கேக்கோடு வந்தாள். கொன்றாக்ட் புதுப்பித்தது மட்டுமல்ல, நிரந்தரமாக்கிவிட்டார்கள். நெருக்கடியை நிதானமாகக் கையாண்டாள் என்று துணை இயக்குநரே எழுதிக் கொடுத்தாராம். வேலையில்லாதவர்களுக்கு வருகிற ஜொப்சென்ரர் கடிதங்கள் கிடந்த மேசையை மகாதேவி ஒதுக்கிக் கேக்குக்கு இடம் பண்ணினாள். சுபானி கடிதங்களைப் பார்த்தாள். உங்களுக்கு வேறை நல்ல வேலை பாப்பம் அம்மா, அந்த வேலை உங்கடை முழங்காலுக்குக் கூடாதுதானே என்றாள்.

பிறகு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, வாற வெள்ளி எங்கடை ஒஃபிசிலை விருந்து. குடும்ப ஆக்களையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கினம். நீங்கள் வாங்கோ."

"நானும் கொம்மாவும் வாறம்."

சுபானி முள்ளுக்கரண்டியால் கிரீமை ஒதுக்கினாள். "அம்மாவை அங்கை ஆக்களுக்குத் தெரியுமெல்லோ அப்பா. துணை இயக்குநரும் வருவார், கண்டா அடையாளம் பிடிச்சிடுவார். நீங்கள் மட்டும் வாங்கோவன்."

விஜயரத்தினம் கோப்பையைத் தள்ளி வைத்தார். "தாய் எங்கை எண்டு அங்கை ஒருத்தன் கேட்டா, நான் என்னத்தையடி சொல்லுறது?"

மகாதேவி கேக்கில் இன்னொரு துண்டு வெட்டி மகளின் தட்டில் வைத்தாள்.

"அப்பிடி ஒரு ஆள் இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றாள் புருஷனிடம். "அந்த இடத்திலை ஒருத்தரும் மறுத்துக் கேக்க மாட்டினம்."